நினைத்தவுடன் கிளம்ப என்ன வேண்டும்? திடீர்ப் பயணங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நண்பர் அழைக்கிறார். “நாளைக்குச் சாயங்காலம் மலைக்குப் போறோம், ஞாயிறு ராத்திரி திரும்பிடுவோம். வண்டியில ஒரு இடம் இருக்கு. வர்றியா?” பெரும்பாலானோரின் பதில்: “பார்த்துச் சொல்றேன்.” பார்த்துச் சொல்வதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார்.

துணிச்சல் போதவில்லை, அதனால்தான் மறுத்தோம் என்று பலரும் தங்களையே நொந்துகொள்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் மனதில் ஓடிய கேள்விகள் வேறு. மழைக்கோட்டு எங்கே? பூனைக்கு யார் தீனி வைப்பது? திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வேலை என்னாகும்? கணக்கில் எவ்வளவு இருக்கிறது? ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தில் முடியக்கூடிய வேலைதான். பத்து வேலைகள் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றால் யாருக்கும் “வேண்டாம்” என்பதே சுலபமாக இருக்கும்.

நினைத்தவுடன் கிளம்புகிறவர்களுக்கு முடிவு மட்டும்தான் திடீரென்று வருகிறது. மற்ற ஏற்பாடுகள் எப்போதோ முடிந்து கிடக்கின்றன. அந்த ஏற்பாடுகளைச் செய்துவைப்பது, அழைப்பு வந்தால் எப்படி முடிவெடுப்பது, போன இடத்தில் எதெல்லாம் கெடும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், எது பின்னால் உறுத்தும்?

இதை உளவியலாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1982இல் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் ஒரு கற்பனைக் கணக்கைக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு ஒரே அளவு நட்டம். ஒருவர் தன் பங்குகளை விற்று வேறு நிறுவனத்தில் போட்டதால் இழந்தார். மற்றவர் மாற்றலாமா என்று யோசித்து, மாற்றாமல் இருந்ததால் இழந்தார். யார் அதிகம் வருந்துவார்? மாற்றியவர்தான் என்றார்கள் பெரும்பாலோர். 1990களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் இதில் காலத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிட்டத்தில் நடந்தவற்றில் செய்த காரியம் அதிகம் குத்துகிறது. வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டதே முன்னால் வந்து நிற்கிறது.

காரணம் யோசித்தால் புரியக்கூடியதுதான். செய்து கெட்டுப்போனதை மனம் எப்படியோ சரிக்கட்டிவிடும். மன்னிப்புக் கேட்கலாம், பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம், சில வருடம் போனால் அதையே சிரித்துக்கொண்டு சொல்லலாம். செய்யாமல் விட்டதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. போயிருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று கற்பனை நீண்டுகொண்டே போகும். அன்று தடுத்த காரணமோ நாளாக நாளாக அற்பமாகத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டக் கிளம்ப வேண்டாம். சரிக்கட்ட முடிந்தவற்றுக்கு மட்டுமே இந்த ஆறுதல் பொருந்தும். உயிர், உடல் உறுப்பு, இன்னொருவரின் நம்பிக்கை, கட்ட முடியாத கடன் ஆகியவை அந்தக் கணக்கில் வராது. கீழே வரும் விதிகள் எல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான் போடப்பட்டவை.

இன்னொரு ஆய்வும் நமக்குப் பயன்படும். சூசான் ஷூ, அயலெட் நீஸி என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டது. பரிசுச் சீட்டுகளில் சிலருக்கு மூன்று வாரக் கெடு, சிலருக்கு இரண்டு மாதக் கெடு கொடுத்தார்கள். நீண்ட கெடு கிடைத்தவர்கள்தான் நிச்சயம் பயன்படுத்துவோம் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். உண்மையில் அதிகம் பயன்படுத்தியது குறுகிய கெடு உள்ளவர்கள். “எப்ப வேணாலும் போய்க்கலாம்” என்ற இடங்களுக்குத்தான் நாம் கடைசிவரை போவதே இல்லை. ஆகவே பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு கடைசித் தேதியையும் எழுதிவையுங்கள். தேதி இல்லாத பட்டியல் எழுதியதோடு சரி.

படி 1: நாள் எடுக்கும் வேலைகளை இப்போதே முடியுங்கள்

பை கட்ட இருபது நிமிடம் போதும். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போதாது. திடீர்ப் பயணத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்த வகை, அவசரப்பட்டாலும் வேகமாகாத வேலைகள்தான்.

பாஸ்போர்ட்: காலாவதித் தேதி அல்ல நீங்கள் பார்க்க வேண்டிய தேதி. பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. சில நாடுகளுக்கு 3 மாதம் போதும். எனவே காலாவதிக்கு ஒன்பது மாதம் முன்பே புதுப்பிக்க நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். முத்திரை குத்தக் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பலர் விமான நிலையக் கவுன்டரில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். விசா இல்லாமலோ, வந்திறங்கியதும் விசா தருவதாகவோ உங்கள் பாஸ்போர்ட்டை ஏற்கும் நாடுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசுத் தளத்தில் சரிபாருங்கள். வெளிநாட்டுக்குத் திடீரென்று போக நேர்ந்தால் அந்தத் தாளில் இருப்பவைதான் உங்கள் உலகம்.

தடுப்பூசி: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்தச் சான்றிதழ் செல்லும். நேற்றுப் போட்டுவிட்டு இன்று நுழைய முடியாது. ஆறுதலான செய்தி, 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும். ஒருமுறை போட்டால் போதும். டெட்டனஸ் ஊக்க ஊசி பத்து ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

விடுப்பு: தேவைப்படும் நாளில் கேட்காதீர்கள். “வருஷத்துல ரெண்டு தடவை, ஒரு நாள் முன்னாடி மட்டும் சொல்லிட்டு லீவு எடுக்க வேண்டி வரலாம். அப்போ வேலை நிக்காம இருக்க என்ன செய்யணும்?” என்று சாதாரண நாளில் மேலாளரிடம் பேசிவையுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் கேள்வி அவர்களுடைய சிக்கலிலிருந்து தொடங்குகிறது. நடந்துகொண்டிருக்கும் வேலைகள், கோப்புகள் இருக்குமிடம், அவசரத்துக்கு யாரைக் கேட்பது ஆகியவற்றை ஒரு பக்கக் குறிப்பாக வைத்து வெள்ளிக்கிழமைதோறும் திருத்துங்கள். அதோடு, ஆண்டு விடுப்பில் மூன்று நாளை எதற்கும் ஒதுக்காமல் கடைசிவரை மிச்சம் வையுங்கள்.

வீடு: சாவி யாரிடம், தண்ணீர்க் குழாயை எங்கே மூடுவது, செல்லப் பிராணிக்கு எவ்வளவு தீனி, பெரியவர்களுக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு. இதையும் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் போதாது. நீங்கள் கிளம்பும் நாளில் அவரும் ஊரில் இல்லாமல் போவதுதான் வழக்கம். அவர்கள் கிளம்பும்போது நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும் ஒப்பந்தம் இருந்தால்தான் இது நிலைக்கும்.

பணம்: தனிக் கணக்கு ஒன்று திறந்து, சம்பள நாளன்று தானாக ஒரு சிறு தொகை போகும்படி செய்யுங்கள். எவ்வளவு சேர்ப்பது? ஒரு வார இறுதிப் பயணத்துக்கு ஆகும் போக்குவரத்து, தங்கல், சாப்பாட்டுச் செலவைக் கூட்டுங்கள். அதன்மேல் மிக விலையுயர்ந்த வழியில் உடனே வீடு திரும்ப ஆகும் செலவையும் சேருங்கள். இந்த இரண்டாவது தொகையைத் தொடவே கூடாது. வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தாலோ, உடன் வந்தவரோடு ஒத்துவராவிட்டாலோ, எழுந்து வந்துவிடும் சுதந்திரம் அதுதான். கடன் அட்டையில் போய்விட்டு ஆறு மாதம் தவணை கட்டும் பயணம், செய்ததற்காக வருந்தும் பட்டியலில் நேராகப் போய்ச் சேரும்.

படி 2: எப்போதும் கட்டி வைத்த பை

20 முதல் 25 லிட்டர் முதுகுப் பை போதும். அதைவிடப் பெரிது வாங்கினால் நிரப்பிவிடுவீர்கள். தண்ணீர் இல்லாமல் 5 கிலோவுக்குள் நிறுத்துங்கள். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன.

உடை: சீக்கிரம் காயும் மேற்சட்டை இரண்டு, கால்சட்டை ஒன்று, உள்ளாடையும் காலுறையும் மூன்று செட், மெல்லிய கம்பளி அல்லது ஃபிளீஸ் ஒன்று, நீர் புகாத மேல்சட்டை ஒன்று. ஜீன்ஸும் பருத்தியும் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நனைந்த பருத்தி நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடல் சூட்டை இழுத்துவிடும். காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியில்கூட உடல் விறைத்துப்போகும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 28 என்றால் 2,000 மீட்டரில் சுமார் 15. இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் மெல்லிய சட்டையோடு மேலே போய் நடுங்குகிறார்கள்.

மின்சாதனம்: தலையில் மாட்டும் விளக்கு கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்பினால் வழியும் போகும், போன் சார்ஜும் போகும். 10,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று. அதாவது 10 ஆம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணி. விமானத்தில் பொதுவாக 100 வாட்-மணி வரை விடுவார்கள், கைப்பையில் மட்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. பையில் கிடக்கும்போதே சார்ஜ் மெல்லக் குறையும் என்பதால் மாதத்தில் ஒரு தேதியை இதற்கென்று வையுங்கள்.

மருந்து: தினம் சாப்பிடும் மாத்திரைகள் ஐந்து நாளுக்கு, மருந்துச் சீட்டின் நகலோடு. காலாவதியாகாமல் இருக்க, மாதாமாதம் பையில் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதியதை அதில் வையுங்கள். காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, கொப்புளத்துக்கு ஒட்டும் டேப். டேப்பைக் கொப்புளம் வந்தபின் ஒட்டுவது வீண். காலணிக்குள் ஓரிடம் சூடாக உறுத்தும் முதல் நிமிடத்திலேயே நின்று ஒட்ட வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. அது தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கண்ணளவு கூடாது.

மற்றவை: விசில், மெல்லிய அலுமினியப் போர்வை, ஒரு லிட்டர் குப்பி, நீர் சுத்திகரிப்பு மாத்திரை, பெரிய குப்பைப் பை இரண்டு (பைக்கு உள்ளுறை, மழைக்கோட்டு, தரைவிரிப்பு என்று எல்லாவற்றுக்கும் உதவும்), ஆவண நகல், கொஞ்சம் ரொக்கம். ரொக்கத்தை இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள்.

பையை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடாதீர்கள். கதவுக்குப் பக்கத்தில், கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். பையிலிருந்து “இப்போதைக்கு” என்று சார்ஜரை எடுப்பதுதான் இந்த ஏற்பாடு குலைவதற்கு முதல் காரணம். சார்ஜர் கேபிள், பல் துலக்கி, விளக்கு மூன்றும் பைக்கென்றே தனியாக வாங்கியவையாக இருக்க வேண்டும்.

படி 3: “வர்றேன்” என்று சொல்லும் விதி

அழைப்பு வந்த நேரத்தில் நன்மை தீமைகளை எடைபோட உட்கார்ந்தால் எப்போதும் தீமைதான் ஜெயிக்கும். சிரமம் கண்முன் இருக்கிறது, மகிழ்ச்சி இன்னும் வரவில்லை. விதியை முன்பே எழுதிவைத்தால் அப்போது யோசிக்க வேண்டியது குறையும். “இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்” என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறவர்கள், வெறும் ஆசையோடு நிறுத்துகிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆய்வுகளில் காட்டிவந்திருக்கிறார். உங்கள் வாக்கியம் இப்படி இருக்கலாம்: “இரண்டு நாளுக்குள் முடியும் பயணத்துக்கு யாராவது கூப்பிட்டால், மூன்று கேள்விகளுக்கும் பதில் சரியாக இருக்கும்பட்சத்தில் பத்து நிமிடத்துக்குள் ஒப்புக்கொள்வேன்.”

மூன்று கேள்விகள் இவை. மோசமாகப் போனால் நடப்பதைப் பின்னால் சரிசெய்ய முடியுமா? நான் இல்லாததால் வேறு யாருக்காவது உண்மையான பாதிப்பு வருமா? ஓட்டுநர், படகோட்டி, வழிகாட்டி, உடன் வருபவர் என்று நாம் உயிரை ஒப்படைக்கும் ஆள் நிதானமானவரா? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அழகான இடமா என்று பார்க்கிற அளவுக்கு யாருடைய வண்டியில் ஏறுகிறோம் என்று பார்ப்பதில்லை.

இந்தப் பட்டியலில் “களைப்பாக இருக்கிறது”, “மனசு சரியில்லை” இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி ஓட்டப்போவது நீங்களாக இருந்தால் தவிர, வாரக் கடைசிக் களைப்பு மறுக்கக் காரணமாகாது. உடம்பு சரியில்லாதது வேறு.

பழக்கம் இல்லாதவர்கள் இரண்டு நாள் மலைப் பயணத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் மூன்று மணி நேரம்: நிலையத்துக்குப் போய் அடுத்து கிளம்பும் வண்டியில் ஏறி, தெரியாத நிறுத்தத்தில் இறங்கி, நடந்து, திரும்புங்கள். அல்லது வரைபடத்தில் வீட்டைச் சுற்றி 30 கி.மீ. வட்டம் போட்டு, கண்ணை மூடி விரல் வைக்கும் இடத்துக்குப் போங்கள். அடுத்து ஒரு முழு நாள், பிறகு ஓர் இரவு. ஒவ்வொரு முறையும் ஏறும் முன் பார்க்க வேண்டியது ஒன்றே: கடைசித் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு? போகும் வழி தெரியாவிட்டால் அது சாகசம். திரும்பும் வழி தெரியாவிட்டால் நடுராத்திரியில் யாரையாவது எழுப்பிக் கூப்பிட வேண்டிவரும்.

படி 4: கிளம்பும் முன் இருபது நிமிடம்

முதல் ஐந்து நிமிடத்தில் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள். எங்கே போகிறேன், யாரோடு, எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணிக்குள் தகவல் சொல்வேன், அதுவரை தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது. கடைசி இரண்டும் இல்லாத செய்தியால் பயனில்லை. “ரெண்டு நாள் வெளியூர் போறேன்” என்று மட்டும் சொன்னால், தேட ஆரம்பிக்க வேண்டிய நேரம் எது என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்து வானிலை. நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஆறும் அருவியும் இருந்தால் மேற்பகுதியில் மழையா என்று பாருங்கள். பிறகு, இணையம் இல்லாமல் பயன்படும்படி வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

மிச்சமுள்ள நிமிடங்களை நேரக் கணக்குக்கு வையுங்கள். நடைப் பயணம் என்றால் 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது: 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போக வர 12 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம், மொத்தம் 3 மணி 54 நிமிடம். இது ஓய்வே இல்லாமல், நல்ல பாதையில், பழகிய கால்களுக்கு. ஓய்வுக்கும் படம் எடுக்கவும் கால்பங்கு சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பழகாதவர்கள், குழந்தைகள் என்றால் பாதி சேருங்கள்.

இப்போது திரும்பும் நேரத்தைக் குறியுங்கள். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன் கீழே வந்துவிட வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால், எத்தனை மணிக்கு முதுகைத் திருப்ப வேண்டும் என்பது கிடைக்கும். அந்த நேரம் வந்தால் உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். மேலே நின்றுகொண்டு இந்த நேரத்தை முடிவு செய்தால் எப்போதும் “இன்னும் கொஞ்சம்” என்றுதான் வரும், அதனால் வீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

இருட்டைப் பற்றி ஒரு தகவல். கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணி, விரலுக்குப் பதினைந்து நிமிடம் என்று கணக்கிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வெப்பமண்டலத்தில் அதை நம்பாதீர்கள். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. நீட்டிய கையில் ஒரு விரல் சுமார் 2 பாகை. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் ஒரு விரலுக்கு எட்டு நிமிடம்தான் கிடைக்கும். அங்கே மறைந்தபின் தங்கும் அந்தி வெளிச்சமும் இருபது நிமிடத்தைப் போலத்தான். துருவங்களை நோக்கிப் போகப் போக இரண்டும் நீளும்.

படி 5: எங்கே கெடுகிறது, ஏன்?

திடீர்ப் பயணங்களில் மிகப் பெரிய ஆபத்து காட்டிலோ கடலிலோ இல்லை, போகும் சாலையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து, வேலை முடித்து, இரவு பதினொரு மணிக்கு வண்டியை எடுத்தால் பதினேழு மணி நேரமாக விழித்திருக்கிறீர்கள். அந்த நிலையில் ஒருவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதை ஒத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997இல் காட்டினார்கள். பாட்டை உரக்க வைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் தூக்கத்தைத் தடுக்காது. வேலை நாளின் இரவில் ஓட்டாதீர்கள். தூங்கி அதிகாலையில் எடுங்கள். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாற வேண்டும். கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்குங்கள். காஃபின் வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆவதால் எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். இதுவும் தற்காலிகம்தான், அடுத்த படுக்கைவரை போய்ச்சேர மட்டும்.

தண்ணீர் அடுத்தது. பாயும் நீர் 15 செ.மீ. ஆழமிருந்தாலே பெரியவர் ஒருவரைத் தள்ளிவிடக்கூடும். 30 செ.மீ. சிறிய காரை இழுத்துப்போகும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை மிதக்கவிட்டு அடித்துச் செல்லும். தரை மூழ்கிய பாலத்தில் “முன்னாடி போன வண்டி போயிடுச்சே” என்பது எந்த உத்தரவாதமும் இல்லை. ஓடையில் நீர் திடீரென்று கலங்கினாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ மேலே மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம். பொருட்களை விட்டுவிட்டு உயரமான கரைக்கு ஏறுங்கள்.

கடலில், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் அலை உடையாத, அமைதியாகத் தெரியும் பட்டையாக இருக்கும். நீந்தத் தெரியாதவர் பாதுகாப்பு என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பதே அந்த இடத்தைத்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். அது உங்களைக் கடலுக்குள் கொண்டுபோகுமே தவிர அடியில் இழுக்காது. மிதந்துகொண்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அலை உடையும் இடம் வழியே திரும்புங்கள்.

இடி கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். முகட்டையும் தனி மரத்தையும் விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ கதவடைத்த காருக்குள்ளோ போய், கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் வெளியே வராதீர்கள்.

உயரம் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளாது. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம், உடற்பயிற்சி செய்கிறவருக்கும்தான். 3,000 மீட்டர் தாண்டினால் தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். ஆகவே கடல் மட்டத்திலிருந்து ஒரே வார இறுதியில் 4,000 மீட்டரில் போய்ப் படுக்கும் திட்டத்தை யார் சொன்னாலும் மறுத்துவிடலாம். ஆழ்கடல் முக்குளிப்பும் இந்த வகைதான்: ஒருமுறை மூழ்கினால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் ஆக வேண்டும். மேலே வரும் வழியில் நின்று நின்று ஏற வேண்டிய (டிகம்ப்ரெஷன் நிறுத்தம் தேவைப்பட்ட) முக்குளிப்பு என்றால் இன்னும் அதிகம். கடைசி நாள் காலையில் “வந்ததுக்கு ஒரு டைவ்” என்ற யோசனை எழும், விடுங்கள்.

வழி தவறினால் முதலில் நில்லுங்கள். வேகமாக நடந்து சரிசெய்ய முயல்வதுதான் சிறு தவற்றைப் பெரிதாக்குகிறது. உதவிக்கு விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஊதுங்கள். சில நாடுகளில் மூன்று முறை என்பது வழக்கம். பல நாடுகளில் 112 அவசர எண்ணாக வேலை செய்யும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. குரல் அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுக் காரணம் உண்டு: கூட்டத்தில் யாரும் முதலில் “திரும்பலாம்” என்று சொல்லத் தயங்குவது. கிளம்பும்போதே ஒரு விதி வையுங்கள். யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் அனைவரும் திரும்புவோம். காரணம் கேட்க மாட்டோம், வீட்டுக்கு வந்தபின் கிண்டலும் செய்ய மாட்டோம். இதற்கு ஒப்பாத குழுவோடு போகாமல் இருப்பது நல்லது.

துணை பற்றி

வீட்டில் இருப்பவருக்கு உங்கள் திடீர் முடிவு அவருடைய சனிக்கிழமையில் கூடுதல் சுமையாக வந்து விழும். முன்பே பேசி, இருவருக்கும் சம எண்ணிக்கையில் இப்படிப்பட்ட நாட்களை ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் நிலை வராது. குழந்தைகளோடும் போகலாம். ஆனால் தூக்கம், பசி, கழிப்பறை மூன்றுக்கும் இடைவெளி விட்டுப் பாதித் தூரத்துக்குத் திட்டமிடுங்கள். தனியாகப் போகிறவர்கள் முதல் இரவுத் தங்கலை மட்டும் பதிவு செய்துவிட்டு, மீதியைத் திறந்து விடலாம். இருட்டிய பின் தெரியாத ஊரில் அறை தேடுவதில் எந்த இன்பமும் இல்லை. போகும் இடத்தைச் சமூக ஊடகத்தில் உடனுக்குடன் போடாதீர்கள், அங்கிருந்து கிளம்பியபின் போடுங்கள்.

படி 6: திரும்பிய இரவே

குளிப்பதற்கு முன் பையை முழுதாகக் கொட்டுங்கள். ஈரத்தைக் காயவைத்து, பவர் பேங்கைச் சார்ஜில் போட்டு, தீர்ந்த மருந்தையும் ரொக்கத்தையும் நிரப்புங்கள். துவைத்த துணி அலமாரிக்குப் போகாமல் நேரே பைக்குப் போக வேண்டும். “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விட்ட பை அடுத்த அழைப்பு வரும் நாளில் பாதிதான் நிரம்பியிருக்கும்.

ஒரு சிறு நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம், எடுத்துப்போய் ஒருமுறைகூடத் தொடாத பொருள். மூன்று பயணத்தில் தொடாதது பையை விட்டு வெளியேறும், முதலுதவியும் விசிலும் போர்வையும் மட்டும் விதிவிலக்கு. வலப்பக்கம், மறுத்துவிட்ட அழைப்புகளும் அதற்குச் சொன்ன காரணமும். “மழைக்கோட்டு இல்லை” என்று எழுதியிருந்தால் இந்த வாரமே வாங்கலாம். “பாட்டிக்கு மருந்து கொடுக்க ஆளில்லை” என்றால் இரண்டாவது ஆளைத் தேட வேண்டும். “அந்த ஓட்டுநரை நம்பவில்லை” என்று எழுதியிருந்தால் அதன்மேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அடுத்த வரிக்குப் போகலாம்.